ஐயரம்மா பேசிய ஞாயிற்றுக்கிழமை

மாசிலாமணி அக்கரப்பத்தனைக்குப் போதகராக வந்தது 1951 பெப்ரவரியில். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. கண்டியில் பிறந்து வளர்ந்தவர். அப்பா அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்ப்பவர் என்பதால் வீட்டில் சோற்றுக்குக் குறை வந்தாலும் அச்சடித்த தாளுக்குக் குறை வந்ததில்லை. அதையெல்லாம் வாசித்து வாசித்து, பத்து வயதிலேயே புத்தகம் பேசுவதுபோலப் பேசக் கற்றுக்கொண்டார்.

தேயிலைத் தோட்டங்களில் போதகரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் சொல்வார்கள். இந்த ஐயரம்மாவின் பெயர் பூரணி. நோர்வூட்டில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வீரய்யாவின் மகள். ஐந்தாம் வகுப்போடு தோட்டப் பள்ளிக்கூடத்தை விட்டு, ஆறு வருடம் கொழுந்து பறித்தவள். அவளுக்குப் பதினேழு வயதானபோது குடும்பமே ஞானஸ்நானம் பெற்றது. போதகர் பயிற்சிக்காக நோர்வூட் பக்கம் வந்திருந்த மாசிலாமணி அவளைக் கண்டு, கேட்டு, கட்டிக்கொண்டார்.

நான்கு தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரு வேதக்கோயில். தகரக் கூரை, மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பாடுவதுகூடக் கேட்காது. அறுபது குடும்பங்கள். மாசிலாமணி குடையும் பையுமாக மலை மலையாக நடந்தார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் நோயாளிகளைப் பார்த்தார், பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார், சண்டை போட்டவர்களைச் சேர்த்து வைத்தார். எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது. பிரசங்கத்தைத் தவிர.

பிரசங்கத்துக்காக அவர் ஒரு வாரம் உழைப்பார். பதினொரு பக்கம் எழுதுவார். நாற்பது நிமிடம் கணீரென்று வாசிப்பார். வலப்பக்கத்துப் பாயில் ஆண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்குவார்கள். இடப்பக்கத்தில் பெண்கள் மரியாதைக்காகக் கண்ணைத் திறந்தே வைத்திருப்பார்கள். ஆறு நாள் மலை ஏறி இறங்கிய களைப்பு என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார்.

அந்த வருடம் ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. திராட்சைச் செடியும் அதன் கிளைகளும் என்பது பிரசங்கம். கனி கொடுக்கும் கிளையைத் தோட்டக்காரர் ஏன் நறுக்குகிறார் என்பதை மூன்று தலைப்புகளில், ஏழு உட்பிரிவுகளோடு விளக்கினார். ஆராதனை முடிந்ததும் பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைக்கப் பின்கட்டுக்குப் போனார். அங்கே பூரணி வாளியிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றிப் பதினைந்து இருபது பெண்கள்.

"ஐயரு கெளைய நறுக்குறதுன்னு சொன்னாங்கல்ல, அது வேற ஒண்ணுமில்லக்கா, நம்ம கவ்வாத்துதான்" என்று பூரணி சொல்லிக்கொண்டிருந்தாள். "வெட்டுன மலையப் பாத்திருக்கீங்கல்ல? ஒரு எல இருக்காது. தீப்புடிச்ச மாதிரி குச்சி குச்சியா நிக்கும். புதுசா பாக்குறவங்க செடி செத்துருச்சின்னுதான் நெனப்பாங்க. ஆனா எங்கப்பா செடியக் கொல்றதுக்கா கத்தியத் தூக்குனாரு? மூணு மாசம் போகட்டும், அந்தக் குச்சியிலதான் கொழுந்து துளுத்துக்கிட்டு வரும். பேச்சியம்மாக்கா, ஒங்க வீட்டுக்காரரு காலு ஒடைஞ்சி படுத்துக் கெடந்தப்ப நீங்க என்னா நெனச்சீங்க?"

"சாமி நம்மள மறந்துட்டாருன்னு நெனச்சேன்."

"மறக்கலக்கா. வெட்டுனவரு வெட்டிப்புட்டுப் போயிறல. பக்கத்துலயேதான் நின்னிருக்காரு."

பேச்சியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு சிரித்தாள். "அடியாத்தி! இத இப்புடி சொன்னா ஐயருக்கு என்னா கொறஞ்சி போகும்? ஒவ்வொரு வாரமும் அவரு அங்க கட்டுறாரு, நீ இங்க அவுக்குற!"

எல்லாரும் சிரித்தார்கள். புத்தகங்களோடு கதவருகில் நின்ற மாசிலாமணி ஓசையில்லாமல் திரும்பிப் போனார்.

மூன்று நாள் அவர் பூரணியிடம் சரியாகப் பேசவில்லை. கோபம் அவள்மீதா, தம்மீதா என்று அவருக்கே தெரியவில்லை. ஒவ்வொரு வாரமும் பின்கட்டில் இது நடந்திருக்கிறது, ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, தமக்கு மட்டும் தெரியவில்லை. அதுதான் அதிகம் சுட்டது. புதன்கிழமை மேல்தோட்டத்துக்கு நடந்தபோது, வழியில் ஒரு மலை முழுவதும் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ முறை இப்படிப்பட்ட மலைகளைக் கடந்திருக்கிறார், நின்று பார்த்ததில்லை. அன்று நின்றார். வெட்டிய இடத்தில் விரலை வைத்தார். ஈரமாக இருந்தது. பக்கத்தில் வேலை செய்தவரிடம், "இது எப்ப துளுக்கும்?" என்று கேட்டார். அவர் சிரித்து, "ஒங்க வீட்டம்மாவுக்குத் தெரியாததா ஐயா?" என்றார்.

அன்று சாயங்காலம் மாசிலாமணி அடுப்படிக்கு வந்து, கதவோரம் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். கையில் பதினொரு தாள்.

"பூரணி, வர்ற ஞாயித்துக்கெழமைக்கு எழுதியிருக்கேன். வாசிக்கிறேன். கேட்டுச் சொல்றியா?"

பூரணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "மூணு நாளா நீங்க எதுக்குப் பேசலன்னு எனக்குத் தெரியும்ங்க. அன்னைக்கிக் கதவுகிட்ட ஒங்க காலப் பாத்தேன்."

"பாத்துமா நிறுத்தல?"

"எப்புடிங்க நிறுத்துறது? பேச்சியம்மாக்கா அழுதுகிட்டு இருந்தாங்களே."

மாசிலாமணி தாள்களை விரித்தார். வாசிக்கத் தொடங்கினார். அவள் குறை எதுவும் சொல்லவில்லை; புடைத்துக்கொண்டே கேட்டாள். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் முறம் நின்றது. வாசித்து முடித்ததும், "நீங்க சின்னப் புள்ளயில கண்டி வாவியில விழுந்ததச் சொன்னீங்களே, அது நல்லா இருந்திச்சிங்க" என்றாள். "மத்தது?" என்று கேட்டார். "மத்ததுல 'ஆகையினால்' ரொம்ப இருக்கு." எண்ணிப் பார்த்தார்கள். இருபத்திரண்டு இருந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் அரிசி பாதி தரையில் கொட்டியது.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் அடுப்படியில் அவர் வாசிக்க, அவள் கேட்டாள். முறம் நின்ற இடங்களை வைத்துக்கொண்டு, நிற்காத இடங்களை அடித்தார். பதினொரு பக்கம் ஆறானது, பிறகு நான்கானது. ஆண்கள் பக்கத்தில் தூங்குகிறவர்கள் குறைந்தார்கள். மழைக்காலத்தில் கூரை இரைந்தபோது, "ஐயா, கேக்கல, திரும்பச் சொல்லுங்க" என்று ஒருவர் எழுந்து கேட்டார். அந்த ஒரு வார்த்தையை மாசிலாமணி பல வருடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

ஆனால் ஒரு காரியத்தில் அவர் துணியவில்லை. 1955இல் சபைக் கமிட்டி கூடியபோது, பூரணி ஒரு ஞாயிறு வேதபாடம் வாசிக்கட்டுமே என்று கேட்டார். சபையின் மூப்பர் செல்லசாமி, ஓய்வு பெற்ற கங்காணி. வெள்ளைத் தலைப்பாகையோடு கோயிலில் முன்நாற்காலியில் உட்காருபவர். நல்ல மனிதர், பிடிவாதக்காரர்.

"நாப்பது வருசமா நம்ம கோயில்ல பொம்பள எந்திரிச்சிப் பேசுனதில்ல ஐயா" என்றார். "நான் உசுரோட இருக்கவரைக்கும் வேணாம்."

மாசிலாமணி அதோடு விட்டுவிட்டார். சபை இரண்டாகிவிடக் கூடாது என்பது அவர் சொல்லிக்கொண்ட காரணம். வீட்டுக்கு நடக்கும்போது அது பாதி உண்மைதான் என்று அவருக்குத் தெரிந்தது. மீதி, பயம். மந்தையை நடத்துகிறவன் மந்தைக்குப் பயந்தால் எப்படி என்று அன்று தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு போட்டார். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

1957 ஜூன் மாதம், பெந்தெகொஸ்தே ஞாயிறு. மூன்று நாளாக விடாத மழை. மாசிலாமணி விடியற்காலையிலேயே ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மேல்தோட்டத்துக்குப் போய், ஏழு மணி ஆராதனையை நடத்திவிட்டுத் திரும்பினார். பத்து மணிக்குக் கோயிலில் பண்டிகை ஆராதனை. ஆற்றங்கரைக்கு வந்தால் பலகைப் பாலத்தைக் காணோம். செந்தண்ணீர் அதன்மேல் ஓடிக்கொண்டிருந்தது. ரோட்டுப் பாலம் வழியாகச் சுற்றிவர ஐந்து மைல். நடந்தார். பாதி வழியில் குடை காற்றில் மடிந்து உடைந்தது.

கடைத்தெருவுக்கு வந்தபோது பல் கிடுகிடுத்தது. துணிக்கடை அலியார் அவரைக் கண்டு ஓடிவந்தார். "என்ன ஐயரே இது! இந்த நனைஞ்ச உடுப்போட போனா நாளைக்கு ஒங்களுக்கே ஜெபம் பண்ண ஆள் தேடணும்" என்று உள்ளே இழுத்து, தம்முடைய கட்டம்போட்ட சாரம் ஒன்றையும் சட்டையையும் கொடுத்தார். மறுக்க நேரமில்லை. சாரத்தைக் கட்டிக்கொண்டு, அலியாரின் குடையைப் பிடித்துக்கொண்டு மாசிலாமணி ஓடினார்.

கோயிலில் பத்தரை மணி வரை பாடினார்கள். எட்டுப் பாட்டு முடிந்தது. நூற்றுக்கு மேல் ஆட்கள், ஐயரைக் காணோம். செல்லசாமி எழுந்து, "வேதபாடத்தையாவது வாசிப்போம்" என்று கண்ணாடியை மாட்டினார். சீடர்கள்மேல் ஆவி இறங்கி, அவர்கள் பேசியது ஒவ்வொருவருக்கும் தன் மொழியிலேயே கேட்ட அந்த நாளில் நடந்ததை வாசித்தார். குமாரரும் குமாரத்திகளும் தேவன் தந்த வார்த்தையைப் பேசுவார்கள் என்கிற இடம் வந்தது. கங்காணிக் குரலில் உரக்க வாசித்து, புத்தகத்தை மூடி, உட்கார்ந்தார். மழை அந்நேரம் சற்று ஓய்ந்திருந்தது.

பேச்சியம்மா பாயில் இருந்தபடியே கேட்டாள். "மூப்பரே, குமாரத்தின்னா பொம்பளப் புள்ளதானே?"

செல்லசாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இல்ல, வெளங்காமத்தான் கேக்குறேன்."

செல்லசாமி புத்தகத்தை மறுபடி திறந்து, அதே இடத்தை வாய்க்குள்ளேயே இன்னொரு முறை வாசித்தார். பிறகு எழுந்து, பெண்கள் பக்கம் திரும்பினார். "ஐயரம்மா, ஐயரு வர்றவரைக்கும் ரெண்டு வார்த்த நீங்க சொல்லுங்க."

பூரணியின் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை கிருபை. யாரிடமும் கொடுக்கத் தோன்றாமல் அப்படியே முன்னால் போய் நின்றாள். குழந்தை எட்டிச் செல்லசாமியின் தலைப்பாகையைப் பிடித்தது, பிடித்ததை விடவில்லை. வேறு வழியில்லாமல் மூப்பர் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மாசிலாமணி வாசலுக்கு வந்தபோது அவள் குரல்தான் முதலில் கேட்டது.

"காலையில பெரட்டுக்கு வரிசையில நிக்கிறப்ப தொர இங்கிலீசுல சொல்லுவாரு. வேல வாங்குற கண்டாக்கையா அத ஒரு மாதிரி சொல்லுவாரு. டவுனுக்குப் போனா கவர்மெண்டு கந்தோருல சிங்களத்துல கேப்பாங்க. நாம எல்லா எடத்துலயும் வெளங்குன மாதிரி தலைய ஆட்டுவோம். ஆனா அன்னைக்கி சாமி பேசுனப்ப ஒருத்தரும் சும்மா தலைய ஆட்டலீங்க. ஒவ்வொருத்தருக்கும் அவங்கவங்க வீட்டுப் பேச்சுலயே கேட்டிச்சி. அவரு நம்மகிட்ட வந்தா லயத்துப் பேச்சுலதான் பேசுவாரு. நாம படிச்சிட்டு வரணும்னு காத்துக்கிட்டு இருக்க மாட்டாரு."

அவள் அவரைக் கண்டு நிறுத்தினாள். எல்லாத் தலைகளும் திரும்பின. கட்டம்போட்ட சாரத்தில், முழங்கால் வரை சேற்றோடு நின்ற போதகரைப் பார்த்து முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, கோயிலே சிரித்தது.

"நிறுத்தாத பூரணி. சொல்லு" என்றார் மாசிலாமணி. ஆண்கள் பக்கம் கடைசிப் பாயில் இடம் கேட்டு உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் அவர் அந்தக் கோயிலில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டது அன்றுதான். தாம் சனிக்கிழமைகளில் முறம் நிற்கும் இடத்துக்காகக் காத்திருந்ததுபோல, அவள் அடுத்து என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லாரும் காத்திருந்ததைப் பார்த்தார். பொறாமை வருமென்று எதிர்பார்த்தார், வரவில்லை. கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

செய்தி அட்டனில் இருந்த தலைமைப் போதகருக்கு எட்டியது. கமிட்டியில் ஒருவர் கடிதம் எழுதிவிட்டார். ஜூலையில் தலைமைப் போதகர் நேரில் வந்து, கமிட்டியைக் கூட்டி, "யார் அனுமதி கொடுத்தது?" என்று கேட்டார்.

மாசிலாமணி உடனே எழுந்தார். இந்த முறை அவர் தயங்கவில்லை. "நான் பொறுப்பு. வாசல்ல நின்னு, தொடர்ந்து பேசச் சொன்னவன் நான்தான். ரெண்டு வருசத்துக்கு முந்தியே உறுதியா நின்னிருக்கணும், பயந்துட்டேன்."

"ஐயா கொஞ்சம் உக்காருங்க" என்று செல்லசாமி அவரைக் கையமர்த்தினார். "தொடங்கி வச்சது நான். அன்னைக்கி வேதம் வாசிச்சதும் நான். என் வாயாலயே வாசிச்சிப்புட்டு அதுக்கே எதுக்க நிக்கச் சொல்றீங்களா?"

தலைமைப் போதகர் மூப்பர் பக்கம் திரும்பினார். பிறகு, "அந்த அம்மா என்னதான் பேசினார்கள்?" என்று கேட்டார். செல்லசாமி பெரட்டு, தொர, கண்டாக்கையா, லயம் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். அன்று மத்தியானம் தலைமைப் போதகர் பூரணி சமைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு அவள் பேசலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெண்களுக்கென்று ஜெபக்கூட்டம் தொடங்கியது. நான்கு தோட்டத்தில் இருந்தது ஏழு தோட்டத்துக்குப் பரவியது. வாசிக்கத் தெரியாத பதினொரு பேருக்குப் பூரணி எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் கற்று முடித்தவள் பேச்சியம்மா. தனக்குப் புரியாத பிரசங்கத்தை நடுவில் நிறுத்திக் கேட்கும் உரிமையைப் பேச்சியம்மா தானே எடுத்துக்கொண்டாள். மாசிலாமணி அதையும் ரசித்தார்.

1964 கடைசியில் அவருக்கு நோர்வூட்டுக்கு மாற்றம் வந்தது. வழியனுப்பக் கோயில் முற்றத்தில் பெரிய அண்டாவில் சோறு வடித்து, ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. அலியார் தம் பங்குக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து, தாமும் பந்தியில் உட்கார்ந்தார். சாப்பாடு முடிந்ததும் செல்லசாமி எழுந்து, சபையின் சார்பாக ஒரு வேண்டுகோள் என்றார்.

"ஐயர அனுப்புறதுல எங்களுக்கு ஆட்சேபன இல்ல. ஆனா ஐயரம்மாவ இங்க விட்டுட்டுப் போனா நல்லது."

எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் மாசிலாமணிதான். மறுநாள் காலையில் லொறி புறப்பட்டபோது தூறிக்கொண்டிருந்தது. ஏழு தோட்டத்துப் பெண்களும் ரோட்டோரம் நின்று பாடினார்கள். பூரணி லொறியின் பின்பக்கம் மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடியே அவர்களோடு பாடினாள். முன்னால் உட்கார்ந்திருந்த மாசிலாமணி, வண்டியை மெல்ல ஓட்டச் சொன்னார்.