பொது கேசட்டில் இருந்த ஆள்

கல்யாண வீடியோவில் கேமராவையே முறைத்துப் பார்க்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு அந்தக் காலத்தில் பற்றிக்கொண்டு வரும். எண்பதுகளின் நடுவில், மதுரையில் எங்கள் வீட்டு மாடியறைதான் எங்கள் ஸ்டூடியோ. அண்ணன் ஊர் ஊராகப் போய்ப் படம்பிடித்து வருவான். நான் உட்கார்ந்து எடிட்டிங் செய்வேன். பொண்ணு மாப்பிள்ளையை விட்டுவிட்டு லென்ஸுக்குள் ஆந்தை மாதிரி விழிக்கிற ஒன்றுவிட்ட சித்தப்பாக்களை வெட்டி எறிவதிலேயே பாதிப் பகல் போய்விடும்.

வெட்டுவது என்றால் கத்தரிக்கோல் கிடையாது. கேசட் போட்டு ஓட்டுகிற வீடியோ டெக் இரண்டு. ஒன்றில் அண்ணன் எடுத்த கேசட் ஓடும், மற்றதில் வேண்டிய இடம் மட்டும் பதிவாகும். ஓடுகிற டெக்கை 'பாஸ்' போட்டு நிறுத்தினால் திரையில் இருக்கிற முகம் அப்படியே நின்று லேசாக நடுங்கும். குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஊரும். ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருப்போம். வெளியே உச்சி வெயில் கொளுத்தும்போது, அந்த இருட்டில் யாரோ ஒருவருடைய முகம் நடுங்கிக்கொண்டு நிற்பதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கடைசிவரை பழகவில்லை. சாப்பிடக் கீழே போனால்கூட யாரையும் பாஸில் நிறுத்திவிட்டுப் போகமாட்டேன்.

எங்களிடம் ஒரு பொது கேசட் இருந்தது. நாதஸ்வரக்காரரின் விரல்கள், குத்துவிளக்குச் சுடர், அட்சதை தூவுகிற கைகள், முன்வரிசையில் சிரிக்கிற சனம் என்று பல கல்யாணங்களிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது. எந்தக் கல்யாணத்தில் படம் கெட்டுப்போனாலும் அதிலிருந்து நாலைந்து நொடி எடுத்து அந்த இடத்தை அடைப்போம். தொழிலில் அதற்கு 'கட் அவே' என்று பெயர். படத்தை மட்டும் மாற்றிவிட்டு மேளச் சத்தத்தை அப்படியே ஓடவிட்டால் ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது. யார் வீட்டுச் சனம் யார் வீட்டுக் கல்யாணத்தில் சிரித்தால் என்ன என்று நான் நினைத்தேன்.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கல்யாணம். கல்யாணப் பெண்ணின் அப்பா எட்டு வருஷத்துக்கு முன்னால் உரம் வாங்கிவரப் போனவர், திரும்பி வரவே இல்லை. இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. அம்மா நெற்றி நிறையக் குங்குமத்தோடு பந்தல் ஓரத்திலேயே நின்றார் என்றும், தாய்மாமன்தான் தாரை வார்த்துக் கொடுத்தார் என்றும் அண்ணன் வந்து சொன்னான்.

கெட்டிமேளம் கொட்டியதும் ஆளாளுக்கு எழுந்து முண்டியடித்ததில், தாலி கட்டுகிற நேரத்துக்கு எங்கள் கேமராவில் விழுந்தது ஒரு மாமாவின் முதுகு. முழு முதுகு. அண்ணனைத் திட்டித் தீர்த்துவிட்டு, பொது கேசட்டிலிருந்து ஏழு நொடியை எடுத்துப் போட்டேன். முந்தின வருஷம் வில்லாபுரத்தில் நடந்த கல்யாணம் ஒன்றில் எடுத்தது. நடுவயசு ஆள் ஒருவர் மடக்கு நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அட்சதை தூவுகிற காட்சி. அவர் கை உயர்வதும் வாடிப்பட்டி மேளம் உச்சத்துக்குப் போவதும் அத்தனை பொருத்தமாக அமைந்துவிட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கேசட்டைக் கொடுத்து நாலு நாள் கழித்து, ஒரு மத்தியானம் அந்தப் புதுப்பெண்ணும் அவளுடைய அம்மாவும் மாடிப்படி ஏறி வந்தார்கள். பெண்ணுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, எங்கப்பா வந்திருக்காருக்கா. எங்க கல்யாணத்துக்கு. கேசட்டுல இருக்காரு."

அவளே கேசட்டை என் கையில் திணித்தாள். போட்டேன். மேளம் எழும்பியது, அந்த ஆள் எழுந்தார், கை உயர்ந்தது.

"அங்ஙனயே நிப்பாட்டுங்கக்கா!"

பாஸ் போட்டேன். முகம் நடுங்கிக்கொண்டு நின்றது. கோடுகள் கண்ணுக்கு மேலே ஊர்ந்து போயின.

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். ஒருத்தரும் பாக்கலங்கிறாய்ங்க. ஒங்க கேமரா மட்டுந்தான் பாத்திருக்கு. சாப்பிடாமக்கூட போயிட்டாராக்கா?"

அது உங்கள் பந்தலே இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்தவங்களத்தானம்மா கேமரா எடுக்கும்" என்றேன்.

அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுதபடியே சிரித்தாள்.

அவர்கள் போனதும் வில்லாபுரம் கல்யாணத்தின் முழுக் கேசட்டைத் தேடி எடுத்தேன். மண்டபத்துக்குள்ளிருந்து வெளிப் பந்தலுக்கு வந்தபோது அண்ணன் வொயிட் பேலன்ஸ் சரிசெய்ய மறந்திருந்தான். வெளிச்சம் மாறினால் கேமராவுக்கு வெள்ளை எது என்று மறுபடி காட்ட வேண்டும். காட்டாததால் அத்தனை முகங்களும் நீலம் பாரித்துக் கிடந்தன. பொது கேசட்டில் ஏற்றும்போது நிறத்தை நான்தான் குறைத்து மறைத்திருந்தேன்.

நீல அட்சதை விழுந்தது. அவர் உட்கார்ந்ததும் ஒரு குழந்தை மடியில் ஏறியது. அண்ணன் கேமராவை மெல்ல வலப்பக்கம் திருப்பியிருந்தான். பக்கத்தில் ஒரு பெண் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டு, அவர் தோளில் ஒட்டியிருந்த அரிசியையும் தட்டிவிட்டாள். எத்தனையோ தடவை தட்டிவிட்டுப் பழகிய கை. பிறகு அவர் தலையைத் திருப்பி, நான் வெட்டி எறிகிற ஆட்களைப் போலவே நேராகக் கேமராவைப் பார்த்தார். டெக்கை நிறுத்திவிட்டு ஜன்னல் துணியைப் பிய்த்து எறிந்தேன்.

அந்த ஏழு நொடியை இதுவரை எத்தனை கல்யாணத்தில் போட்டிருக்கிறேன் என்று யோசித்தேன். ஞாபகம் வந்ததே ஆறு. முன்பின் தெரியாத ஆறு வீட்டுப் பெண்களுக்கு அவர் எழுந்து எழுந்து அட்சதை தூவியிருக்கிறார். ஏழாவதாக, நானே அவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவர் பெற்ற மகள் முன்னால் நிறுத்தியிருக்கிறேன். பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் அந்த அம்மா மட்டும் தனியாக வந்தார். உட்காரச் சொல்லிவிட்டு, "அம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"சொல்ல வேணாம் தாயி. எங்க பந்தல்ல ஏது சேரு? ஜமுக்காளந்தான விரிச்சோம்."

அட்சதையைப் பார்த்தேன், மேளத்தைப் பார்த்தேன், நாற்காலியைப் பார்க்காமல் விட்டேனே!

"அன்னைக்கே தெரியுமாம்மா?"

"மொத தடவ பாத்தப்பவே தெரியும். மக அம்புட்டு சந்தோசமா நிக்கிறா, என்னத்தச் சொல்ல? நீயும் சொல்லிருவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்." டெக்கைக் காட்டி, "மிச்சத்தப் போடு" என்றார்.

அது வில்லாபுரத்துக் கல்யாணம், பார்க்க வேண்டாம் என்று மறுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. போட்டேன். குழந்தை மடியில் ஏறியதையும், அந்தப் பெண் தோளைத் தட்டிவிட்டதையும் பார்த்தார். திரையில் அந்த ஆள் கேமராவை நிமிர்ந்து பார்த்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்த அம்மா குனியவில்லை.

"எளைச்சுத்தான் போயிருக்காரு" என்றார். பிறகு, "இத அழிச்சிரு தாயி. எந்தம்பிக கண்ணுல பட்டா, வில்லாபுரம் போயி சும்மா வரமாட்டாய்ங்க. அந்தப் புள்ளயும் அப்பன் இல்லாம நிக்கணுமா?"

"மக கேசட்டுல இருக்கிறது?"

"அது இருக்கட்டும். அப்பா வந்துட்டுப் போனாருன்னு அவ மாமியா வீட்டுல சொல்லிக்கிட்டுத் திரியிறா."

லென்ஸுக்கு மூடியைப் போட்டு, கேமராவை டெக்கோடு இணைத்து, அந்தக் கேசட்டின் மேல் வெறும் இருட்டைப் பதிய ஆரம்பித்தேன். முழுதாக அழிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நீங்கள் கிளம்புங்கள் என்றேன். அவர் நகரவில்லை. திரை முழுக்கக் கறுப்பு. அதன் கண்ணாடியில் அவர் முகம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பாஸில் நிற்கிற முகங்களாவது கொஞ்சம் நடுங்கும். இது அசையவே இல்லை.

கேசட் முடிந்து டெக் தானாக நின்றது. அவர் அந்தத் திரையில் பார்த்தே, வேர்வையில் வழிந்திருந்த குங்குமத்தை விரலால் ஒதுக்கி வட்டமாக்கிக்கொண்டார்.

"வாரேன் தாயி. இன்னைக்கு மகளும் மருமகனும் விருந்துக்கு வாராக. அந்தக் கேசட்டத்தான் மறுபடி போடச் சொல்லுவா. நானும் கூட ஒக்காந்து பாக்கணும்."