ஏலமலையில் வராத மின்பொறி

கல்யாணமாகி மலைக்குப் போனபோது பீரோ, மிக்சியோடு நானே செய்த மின்பொறி இயந்திரத்தையும் போடியிலிருந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். ஃபாயில் துண்டுகள் ஒட்டிய இரண்டு அக்ரிலிக் வட்டத் தகடுகள், மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்க இரண்டு ஊறுகாய் பாட்டில்கள், அவ்வளவுதான். கைப்பிடியைச் சுற்றினால் தகடுகள் எதிரெதிராகச் சுழலும். இரண்டு பித்தளைக் குமிழ்களுக்கு நடுவே நீலப் பொறி படீரென்று பாயும். எம்.எஸ்சி. முடித்த கோடையில் எங்கள் மொட்டைமாடி அறையில் அது பாயாத நாள் இல்லை.

போடிமெட்டுக்கு மேலே, கணவரின் ஏலத்தோட்ட வீட்டில் அது பாயவேயில்லை. மழைக்காலத்தில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும் இடம். தகட்டில் ஈரம் படிந்தால் மின்னேற்றம் சேரச் சேரக் கசிந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது புரியும். பட்டதாரியான என் கணவருக்குப் புரியவில்லை.

"ஏத்தா, ஒம் மெஷினுக்குச் சளி பிடிச்சிருச்சா?" என்றார் மாமியார்.

"காத்துல ஈரம் அத்தை. போடியில நல்லா வரும்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைச் சுற்றச் சொல்வார்கள். ஒன்றும் வராததைப் பார்க்க அந்தக் குடும்பத்துக்கு அப்படி ஓர் ஆர்வம். நான் வியர்த்துச் சுற்றுவதைக் கணவர் வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டார். சித்தப்பாமார் எல்லாரும் சிரிக்கிற பொம்மை அனுப்பினார்கள். அவர்களில் ஒருவருக்காவது ஃபியூஸ் போடத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்த நேரத்தில்தான் போடியில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். தோட்டத்து வேலையாட்களை ஏற்றிவர எங்கள் ஜீப்பு தினமும் காலையில் காலியாகத்தான் கீழே இறங்கும். அதில் போய் வரலாம் என்றேன்.

"ஒரு பொறி வரவழைக்கத் தெரியல, நீ போயி என்னத்தச் சொல்லிக் குடுக்கப் போற?" என்றார் கணவர். "மொதல்ல அதுல பொறி வரட்டும். அப்புறம் போ, நான் தடுக்கல."

மாமியாரை வைத்துக்கொண்டே அவர் சொன்ன வார்த்தை அது. பெரிய சாமர்த்தியம் என்று அவருக்கு நினைப்பு.

மலையில் காய்ந்த காற்று இருக்கிற ஒரே இடம் ஏலக்காய் உலர்த்தும் டிரையர் அறை. விறகுச் சூட்டில் அனலாகக் கிடக்கும். பச்சைக்காய் போட்டதும் இயந்திரத்தை அங்கே தூக்கிப்போனேன். ஒன்றுமில்லை, அறை முழுக்கக் காய் விட்ட ஈரம். மறுநாள் காலை, ஈரமெல்லாம் வெளியேறியபின் மறுபடி சுற்றினேன். பொறி பாய்ந்தது. கணவரைக் கூப்பிட்டேன். அவர் முன்னாலும் பாய்ந்தது. எனக்கு அழுகை முட்டியது. அதை அவர் பார்க்கக் கூடாதென்று இன்னும் வேகமாகச் சுற்றினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்து ஒரு ஏலக்காயை எடுத்துக் கடித்தார்.

"நேத்துப் பச்சையா இருந்தப்ப பொறி வரலைல்ல?"

"வரல."

"அப்ப பொறி வந்தா காய் காஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

சரியான முடிவு. அதுதான் எரிச்சலாக இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் தலை முதன்முறையாக வேலை செய்கிறது, அதுவும் ஏலக்காய்க்காக.

"இனி நீ எதுக்குப் போடிக்குப் போகணும்? இங்கனயே டிரையரப் பாத்துக்க. ஒன் படிப்புக்கேத்த சோலிதான்," என்றார், ஏதோ பட்டம் சூட்டுகிறவர் போல.

திங்கட்கிழமை காலை ஜீப்பின் முன்சீட்டில் இயந்திரத்தை மடியில் வைத்து உட்கார்ந்தேன். கணவர் பின்னாலேயே வந்தார்.

"அதையும் எடுத்துட்டுப் போனா காய் காஞ்சத நான் எப்படிப் பாக்குறது?"

"கடிச்சுப் பாருங்க," என்றேன்.