சுடலை அண்ணன் பெயரில் ஓடும் சர்வர்

சுடலை அண்ணன் போய்விட்டார்.

இன்று காலை, தாராவி வீட்டில். மாரடைப்பு. டாக்சி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது...

ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். "நம் குடும்பத்தில் ஒருவர்" என்று மேனேஜர் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். போன வருஷம் அண்ணனை வேலையை விட்டு அனுப்பியவரும் இவர்தான். நல்ல குடும்பம்.

ஐரோலி ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட் அவர். எங்கள் கஸ்டமர் விவரம் பூராவும் வேறொரு கம்பெனியின் கிளவுடில் கிடக்கும். ஒரு ரிப்போர்ட் வேண்டுமென்றால் பக்கம் பக்கமாக இழுத்து, பொறுக்கி, ஒட்ட வேண்டும். நாங்கள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, அண்ணன் எங்கள் நோட் ஜாவாஸ்கிரிப்ட் சர்வரில் அந்தக் கிளவுடோடு பேசும் ஒரு டிரைவர் புரோகிராமைப் போட்டு, சொந்த டேட்டாபேஸிடம் கேட்பதுபோல நேராக எஸ்க்யூஎல்லில் கேள்வி எழுதிவிட்டார்.

"கிளவுடுல கெடந்தா என்ன, நம்ம மேசைக்கடியில கெடந்தா என்னல? டேபிள்தான. செலக்ட் போடு, வந்து நிக்கும்."

வந்து நின்றது. அன்றைக்கு எல்லோருக்கும் அவர் செலவில் வடாபாவ்.

டெஸ்டிங்குக்காகக் கனெக்‌ஷனில் தன் சொந்த லாகினையே போட்டிருந்தார். சர்வருக்கென்று தனி லாகின் கேட்டு மெயிலும் அனுப்பினார். "சலேகா, பாத் மே தேக்கேங்கே" என்றார் மேனேஜர். இப்படியே ஓடட்டும், அப்புறம் பார்க்கலாமாம். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

ஆளை அனுப்பினார்கள். லாகினை அனுப்பவில்லை. அதை மூடினால் ரிப்போர்ட் எல்லாம் நின்றுவிடும், மாற்றி எழுத யாருக்கும் நேரமில்லை.

பாஸ்வேர்ட் காலாவதியாகும்போதெல்லாம் ஓடிபி அண்ணன் போனுக்குத்தான் போகும். மேனேஜர் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்.

ஒருமுறை மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் நாங்கள் டீ குடிக்கும்போது அந்த அழைப்பு வந்தது. கிளாஸை என் கையில் திணித்துவிட்டு, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஜி சார்!" என்றார். வேலைக்குத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

அப்புறம் நம்பரை நிறுத்தி நிறுத்தி ஹிந்தியில் வாசித்தார்.

"ஏன் அண்ணே கொடுக்கறீங்க? நின்னு போகட்டுமே!" என்று கத்தினேன்.

"ஏல, நாளைக்கு ஆள் எடுத்தா அவருதான கூப்பிடணும். பகைச்சிக்கிட முடியுமா?"

ஆறிப்போன அவர் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தேன்.

இன்று மதியம் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. அண்ணனைக் கிடத்தியபிறகு நிற்க இடமில்லை. தலைமாட்டில் இருந்த அவர் போன் அடித்தது. அண்ணி எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"ஆபீஸ் சாரு... துட்டி விசாரிக்கக் கூப்பிடுதாவ போல. இந்தப் போனுக்குத்தான் தெனமும் காத்துக் கெடந்தாவ. நீங்க பேசுங்க தம்பி."

பேசினேன். முதலில் வருத்தம் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஏக் ஓடிபி ஆயா ஹோகா..."

ஓடிபி வந்திருந்தது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். நம்பரைக் கொடுக்காமல் போனை அணைத்துவிட்டேன்.

"என்ன சொன்னாவ?" என்று கேட்டார் அண்ணி.

"ரொம்ப வருத்தப்பட்டார் அண்ணி."

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. ஆபீஸில் தமிழ் தெரிந்த யாராவது இந்தப் பதிவை அவருக்குப் படித்துச் சொல்லுங்கள்.

தூங்குங்க அண்ணே... இனிமே போன் அடிக்காது.