பால் ஊற்றிய பிறகு

உறவுக்காரர்கள் எல்லோரும் பால் ஊற்றி முடித்த பிறகு அத்தை பிழைத்துக்கொண்டார்.

அத்தை என்றால் என் கணவரின் அம்மா. எங்கள் பக்கத்தில் உயிர் இழுத்துக்கொண்டிருப்பவரின் வாயில் பிள்ளைகளும் சொந்தங்களும் ஆளுக்குச் சிறிது பால் விட்டு அனுப்பிவைப்பது வழக்கம். அப்படி அனுப்பிவைக்கப்பட்டவர் போகாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

பக்கவாதம் வந்த அத்தையைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர். வேன் திருத்துறைப்பூண்டியைத் தாண்டுவதற்குள்ளேயே எல்லோரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். நான் நர்சிங் படித்தவள். குழந்தை பிறக்கும்வரை வார்டில் வேலை பார்த்தவள். மருந்தால் செய்ய இனி அதிகம் இல்லை, கவனிப்பால் செய்ய நிறைய இருக்கிறது என்றே எனக்குப் பட்டது. அதைச் சொல்லவில்லை. நான் நினைப்பது தவறாக இருந்தால்?

பால் ஊற்றுவதற்கு நாத்தனார் சமையலறையில் கைக்குக் கிடைத்ததை எடுத்து வந்தார். அது என் மகளின் பாலாடை. குழந்தைக்குப் பால் புகட்டும், மூக்கு நீண்ட, சின்ன வெள்ளிக் கிண்ணம். அதில் ஒவ்வொருவராக ஊற்றினார்கள். அத்தை கண்ணை மூடி மல்லாந்து கிடந்தார். துபாயிலிருந்து பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்ட என் கணவர், "லீவு தர மாட்டேங்கறாங்க. என் பேரைச் சொல்லி நீ ஊத்திடும்மா" என்று சொல்லி அழுதிருந்தார்.

அவர் பங்குக்காகப் பாலாடையைக் கையில் வாங்கிக் குனிந்தபோதுதான் அத்தையின் தொண்டையில் கரகரப்பு கேட்டது. மற்றவர்களுக்கு அது உயிர் பிரியும் சத்தம். எனக்கு அது மூச்சுக்குழலில் இறங்கும் பால். பாலாடையைக் கீழே வைத்துவிட்டு அத்தையை அப்படியே ஒருக்களித்துப் புரட்டினேன். ஊற்றிய பாலெல்லாம் கடைவாய் வழியாகத் தலையணையில் வழிந்தது. அத்தை இருமினார். விடாமல் இருமினார்.

"ஊத்துன பால வெளிய எடுக்கறா பாரு!" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

"மூச்சுத் திணறுது அண்ணி. கொஞ்சம் தள்ளுங்க."

"நர்சு படிச்சா எமனுக்கே பாடம் எடுப்பியா நீ?"

இரண்டொரு நாள் காத்திருந்துவிட்டு, சொந்தங்கள் சங்கடத்தோடு ஊருக்குக் கிளம்பினார்கள். நாத்தனாரும் பட்டுக்கோட்டைக்குப் போய்விட்டார். போகும்போது யாரும் "போயிட்டு வரேன்" என்று அத்தையிடம் சொல்லவில்லை.

பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். புரட்டிப் படுக்க வைத்தேன். முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டேன். வாயைத் துடைத்துவிட்டேன். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, சுவரில் சாய்த்து உட்காரவைத்து, "மோவாய நெஞ்சுப் பக்கம் இறக்கிட்டு முழுங்குங்க அத்தை" என்று சின்னச் சின்ன வாயாக ஊட்டினேன். குறுவைக்கு ஆற்றில் தண்ணீர் வந்த சமயம் பேச்சும் குழறலாகத் திரும்பிற்று. வந்த பேச்சு என்னைப் பயமுறுத்தியது.

"நான் இருந்தப்ப இந்தக் கொல்லைக் கதவ இப்படித் திறந்து போட மாட்டேன்" என்றார் ஒருநாள். இன்னொரு நாள், "நான் இருந்தப்ப இவ்வளவு உப்பு போட்டதில்ல."

"இப்பவும் இருக்கீங்களே அத்தை" என்று சிரிக்கப் பார்த்தேன். அழைத்துப்போக யாரோ வர வேண்டியிருப்பதுபோல் அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு எதிரே வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்குள் அனுப்பவில்லை.

என் மகள் தத்தித் தத்தி அந்தக் கட்டிலுக்குத்தான் போவாள். அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். "தூக்கிட்டுப் போயிடு. என் மூச்சு அதும்மேல பட வேணாம்." நானும் ஓடிவந்து தூக்கிக்கொள்வேன். கட்டிலின் கம்பி இடித்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பாலாடையைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தேன். மறுபடியும் போட்டு எடுத்தேன். பிறகு பரணில் வைத்துவிட்டு மகளுக்கு ஸ்பூனால் கொடுத்தேன். வெந்நீரில் எந்தக் கிருமியும் மிஞ்சாது என்று எனக்குத் தெரியும்.

அதன்பின் அத்தை கஞ்சிக்கு வாயைத் திறக்க மறுத்தார்.

"எல்லாரும் சேந்து அனுப்பியாச்சுல்ல. அப்புறம் எதுக்குடி சோறு?"

முதலில் ஒரு வேளை, பிறகு எல்லா வேளையும். தண்ணீரை மட்டும் உதட்டில் நனைத்துக்கொண்டார். கன்னம் ஒட்டியது. நோய் வராமல் காப்பது, வந்ததைக் குணமாக்குவது, குணமானவரைப் பழைய வாழ்க்கைக்குத் திருப்புவது என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். கட்டிலில் இருப்பவர் தன்னை இறந்தவராகவே எண்ணிக்கொண்டிருந்தால் அவரை எங்கே திருப்புவது? அன்று புரட்டாமல் விட்டிருக்க வேண்டுமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததும் எழுந்து போய் மகளைத் தொட்டுப் பார்த்தேன்.

ஒருநாள் முற்பகல் மகளுக்குக் காய்ச்சல். ஸ்பூனைக் கண்டாலே வாயை மூடிக்கொண்டு அலறினாள். எதைக் கொடுத்தாலும் துப்பினாள். நாக்கு வறண்டிருந்தது. நானும் அழத் தொடங்கிவிட்டேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "புள்ளைக்கு நா காயுதுடி. அந்தப் பாலாடைய எங்க வெச்ச?"

என் கண் பரண் பக்கம் போயிற்று.

"எனக்கு ஊத்துனதுன்னு ஒளிச்சு வெச்சுட்டியா?"

"இல்ல அத்தை..."

"நானா இருந்தாலும் ஒளிச்சுத்தான் வெச்சிருப்பேன். எடுத்துட்டு வா."

பரணிலிருந்து எடுத்து, புளி போட்டுத் துலக்கி, வெந்நீரில் போட்டு, ஆறிய பாலை ஊற்றிக்கொண்டு வந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அத்தை நல்ல கையை நீட்டினார். பாலாடையை என் விரல்கள் உடனே விடவில்லை. அவர் அதைக் கவனித்தார்.

குழந்தைக்குக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் மோவாயை நெஞ்சுப் பக்கம் இறக்கி, பாலாடையைத் தன் உதட்டில் வைத்துச் சாய்த்தார். விழுங்கினார். கொஞ்சம் காத்திருந்தார். இன்னொரு வாய். அத்தனை நாளுக்குப் பிறகு அவருக்குள் இறங்கிய முதல் ஆகாரம்.

"ஒண்ணும் ஆகல, பாத்துக்க" என்றார். "இப்பக் கழுவிட்டு அவளுக்கு ஊத்திக் குடு. புள்ளைய என் மடியில வை."

வைத்தேன். மகளின் தலை பின்னால் சாய்ந்ததும் அத்தை முழங்கையால் முட்டுக் கொடுத்து நிமிர்த்தினார். "மல்லாத்தாத. நீதானடி சொன்ன." நான் கழுவி நிரப்பிய பாலாடையின் மூக்கை அவள் கடைவாயில் வைத்தேன். அவள் சப்புக்கொட்டி விழுங்கினாள். மறுபடியும் விழுங்கினாள்.

"இருமுறாளா?" என்று அத்தை மெதுவாகக் கேட்டார்.

"இல்ல."

"இரு. இன்னும் கொஞ்சம் பாக்கலாம்."

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்னத் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலில் யாரோ வந்து நிற்பதுபோல் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தையும் பார்க்கவில்லை.