மதிலுக்கு மேலால் போன கதிரை

போன ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். வருவதாகச் சொன்னது எட்டுப் பேர். வந்து இறங்கியது பதினேழு! இருக்கக் கதிரை போதவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் இரவல் வாங்கி வந்தேன்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்கிறீர்களா? சென்ற வருடம் வரை அந்த வீட்டில் ஆளே இல்லை. உரிமையாளர் குடும்பம் கனடாவில். கூரையில் பாதி தரையில்... முற்றத்தில் ஆளுயரப் பற்றை. யாழ்ப்பாண நகரத்துக்குள், எங்கள் ஒழுங்கையில் மட்டும் இப்படி நான்கு வீடுகள்.

பாம்பு, நுளம்புக்கடி, கஞ்சல் குப்பை என்று கனடாக்காரரை நாங்கள் திட்டாத நாளில்லை. திட்டியவர்களில் முதல் ஆள் — அடியேன்தான்.

அப்போதுதான் அந்தச் சிறிய அமைப்பு வந்தது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள், போடவில்லை. கைவிடப்பட்ட வீடுகளை, உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் வாங்கித் திருத்துகிறார்கள். பிறகு வீடில்லாத ஒரு குடும்பம் பத்து வருடம் வாடகையில்லாமல் இருக்கலாம். எங்கள் ஒழுங்கையில் முதலில் எடுத்தது எனக்குப் பக்கத்து வீட்டை, செல்விக்காக. தையல் வேலை செய்பவர், இரண்டு பிள்ளைகள். அவர் இருந்த வாடகை வீட்டை மாத முடிவுக்குள் விடச் சொல்லிவிட்டார்கள்.

பொறுப்பாக வந்தவர் தரணி என்ற இளம் இன்ஜினியர். முதல் வேலையாக வீட்டு வளவுக்குள் கிடந்ததையெல்லாம் ஒழுங்கையில் கொண்டுவந்து அடுக்கினார். உடைந்த கொமோட், துருப்பிடித்த ஃப்ரிஜ்... கால் முறிந்த கதிரைகள் மட்டும் பதினான்கு!

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கலியாணம், செத்தவீடு என்றால் கதிரைகள் வீடு வீடாகப் போய்வரும். மாறிப்போகாமலிருக்க ஒவ்வொருவரும் அடிப்பலகையில் பெயின்டால் முதலெழுத்துப் போட்டு வைப்போம். தரணி ஒவ்வொரு கதிரையாகப் புரட்டி, உரத்து வாசிக்கத் தொடங்கினார்.

"இதில சி.த. எண்டு கிடக்கு. ஆரின்ரை?"

வேடிக்கை பார்க்க ஒழுங்கையே கூடி நின்றது. எதிர்வீட்டுச் சி.த. அவசரமாகத் தன் செருப்பைப் பார்த்தார்.

"இது க.ந... ஐயா, உங்கடை எழுத்தோ?"

என் மனைவி வானத்தைப் பார்த்தாள். எனக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை.

"ஓம் பிள்ளை... என்ரைதான்."

இருபது வருடமாக எங்கள் கஞ்சலை நாங்களே மதிலுக்கு மேலால் எறிந்துவிட்டு, கனடாவைத் திட்டியிருக்கிறோம்!

தரணி ஏசவில்லை. "இதுகளை அள்ளவே ரெண்டு கிழமை போகும் ஐயா. செல்வியக்காவுக்கு மூண்டு கிழமைதான் கிடக்கு" என்றார். பக்கத்தில் நின்ற செல்வி கஞ்சல் அள்ள ஓர் ஓலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் விடிய மண்வெட்டியோடு போனேன். நான்தான் முதல் ஆள் என்று நினைப்பு. அங்கே சி.த. ட்ராக்டரோடு நிற்கிறார்! வெயில் ஏற முன்னரே ஒழுங்கை முழுவதும் வந்துவிட்டது. இரண்டு கிழமை வேலை நான்கு நாளில் முடிந்தது. பிறகு ஓடு ஏறியது, கிணறு இறைத்தாயிற்று, சுவருக்குச் சுண்ணாம்பு... மாதம் முடிய ஒரு நாள் இருக்கையில் செல்வி பால் காய்ச்சினார். எங்கள் ஒழுங்கையை நினைத்து அன்றைக்குப் பட்ட பெருமையை நான் என் சொந்த வீடு கட்டியபோதுகூடப் பட்டதில்லை.

குப்பையில் கிடந்த கதிரைகளில் ஆறை எங்கள் ஒழுங்கைத் தச்சர் திருத்தி, செல்விக்கே கொடுத்துவிட்டார். அடுத்த நாள் செல்வி எங்கள் வாசல் படலையில் வந்து நின்றார்.

"அண்ணை, ஒண்டில உங்கடை எழுத்து இருக்கு. அழிச்சுப்போட்டு என்ரையைப் போடட்டோ? கோவியாதேங்கோ."

"அதுக்கேன் கேக்கிறியள், தங்கச்சி?"

"ஆறு வாடகை வீடு மாறீட்டன் அண்ணை. ஒரு வீட்டிலயும் கதிரைக்கு எழுத்துப் போட்டதில்லை. வந்த கையோட போற ஆக்களிட்டை ஆர் இரவல் கேக்கப் போயினம்?"

"வடிவாப் போடுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

போன ஞாயிறு மாப்பிள்ளையின் தகப்பன் சாய்ந்திருந்து வடை சாப்பிட்ட கதிரையை, அவர்கள் போனபின் புரட்டிப் பார்த்தேன். அழித்த க.ந.வின் தடத்துக்கு மேலே நீலப் பெயின்டில், பளிச்சென்று — 'செ'. என் கதிரையை நானே இரவல் வாங்கியிருக்கிறேன்!

துடைத்து, அன்று பின்னேரமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை மதிலுக்கு மேலால் அல்ல... படலையால்!