அவருக்குக் கேட்ட மாத்திரை

எங்கள் ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. போடியிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறும் பெண்களில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அவள் டாக்டரைப் பார்ப்பாள். அடுத்து யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், அந்த முதல் பெண் தின்ற மாத்திரையின் காலி உறையை மருந்துக்கடையில் நீட்டுவோம். ஒருநாள் கூலி மிச்சம், ஆஸ்பத்திரி வரிசையும் மிச்சம். பெரிய சாமர்த்தியம் என்று நாங்களே எங்களை மெச்சிக்கொள்வோம்.

போன வருஷக் காயெடுப்பில் என் வீட்டுக்காரரையும் என்னையும் ஒரே வாரத்தில் உண்ணி கடித்தது. அவருக்குத் தொடையில், எனக்கு இடுப்பில், வட்டமாகச் சிவந்து படர்ந்தது. காய்ச்சலும் அசதியும் இருவருக்கும்தான். டாக்டரிடம் போனது அவர் மட்டும்.

"ரெண்டு பேரும் எதுக்கு? நீ சோலியப் பாரு, நான் வெரசா வந்திர்றேன்" என்றார்.

மாத்திரையை இருவருக்குமாகச் சேர்த்து வாங்கி வந்தார். அவர் எழுந்துவிட்டார். எனக்கும் காய்ச்சல் விட்டது. ஆனால் சில மாதங்களில் வலது முழங்கால் வீங்கி, மடக்க முடியாமல் போனது.

அப்புறம் பேச்சுக்குக் கேட்க வேண்டுமா? "அதே மாத்திரதான தின்னீங்க? அண்ணே மலையேறி எறங்குறாரு, நீ என்னக்கா இப்பிடி?" என்று ஜீப்பில் கேட்டார்கள். மாமியார் பாத்திரங்களை ஓசையோடு வைத்தார். வேலைக்குச் சோம்பித்தான் நொண்டுகிறேனோ என்று எனக்கே தோன்றிய நாட்கள் உண்டு.

கடைசியில் மதுரைக்குப் போனோம். "என்னம்மா செய்யுது?" என்று அந்தப் பெண் டாக்டர் என்னைக் கேட்க, என் வீட்டுக்காரர் பதில் சொன்னார்.

"நீங்க கொஞ்சம் இருங்க, அவங்க சொல்லட்டும்" என்றார் டாக்டர்.

சர்க்கரை உண்டா, அப்போது கர்ப்பமாக இருந்தீர்களா, வேறு என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தம் குறைவென்று சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை, அவர் வாங்கி வந்த மாத்திரையோடு சேர்த்தே விழுங்கினேன் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த இரும்பு, இந்த மருந்தை உடம்பில் சரியாகச் சேரவிடாதாம். ரத்தப் பரிசோதனை வந்த பிறகு, இது லைம் நோய், நம் பக்கம் அரிது, மூட்டில் இறங்கிவிட்டது என்றார்.

"கர்ப்பிணின்னா இந்த மாத்திரையே பொதுவா கொடுக்க மாட்டோம். ஆளுக்கு ஆள் பாத்துத்தான் கொடுக்கணும். அன்னிக்கே நீங்க வந்திருக்கணும்மா."

என் வீட்டுக்காரர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் என்னைக் கேட்ட கேள்விகளை அதுவரை யாருமே கேட்டதில்லை.

நரம்பில் ஊசி போட்டார்கள். வீக்கம் வடிந்தது. சமதரையில் நடக்கிறேன், அவ்வளவுதான். சரிவில் குத்தவைத்துக் காயெடுக்க இனி முடியாது. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ஊசி முடிந்து திரும்பிய அன்று பஸ்சில் போடி வரும்வரை அழுதேன்.

இந்த வருஷக் காயெடுப்பில் ஒரு காலை ஜீப்பு எங்கள் வாசலில் நின்றது. என் வீட்டுக்காரர் முன்னால் ஏறிக்கொண்டார். பின்னால் என் இடத்தில் கொழுந்தன் பெண்டாட்டி இருந்தாள். மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள்.

"அக்கா, கெண்டக்கால்ல வட்டமாச் செவந்து கெடக்கு. நீங்க தின்ன மாத்திர பேரு என்ன?"

"பேரெல்லாம் வேணாம். எறங்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவள் முகம் சுருங்கியது. "ஒரு பேரச் சொல்றதுக்கு இம்புட்டு பிகுவா?" என்று யாரோ சிரித்தார்கள். நான் நொண்டிக்கொண்டு படி இறங்குவதற்குள் ஜீப்பு நகர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் முன்சீட்டிலிருந்து திரும்பி, அந்த மாத்திரையின் பெயரை அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கேட்டது.