பலூன் கட்டிய கண்காட்சி

இன்று காலை என் மண்டபத்தில் நான் கட்டிய பலூன்களை நானே அவிழ்த்தேன்.

ஊர் ஊராகப் போகும் குழந்தைகள் கண்காட்சி என்றுதான் போனில் சொன்னார்கள். நம்ம மூக்கண்டப்பள்ளியில் அதற்கு என்ன அர்த்தம்? பலூன் வளைவு போட்டேன். உள்ளேயே பஞ்சுமிட்டாய்க்காரருக்கும் இடம் விட்டேன்.

பெங்களூரிலிருந்து படங்களோடு வந்த கண்காட்சிக்கார அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சார், இது ஹிட்லர் ஆட்சியில கொன்ன யூதக் குழந்தைங்க படம். இந்தப் பலூன், மிட்டாயெல்லாம் எடுக்கலைன்னா வண்டியைத் திருப்பிடுவேன்."

கண்காட்சி பார்க்க வரும் பிள்ளைகளோடு ஸ்கூல் பஸ் கிளம்பியாச்சு என்று போன் வேறு வந்தது.

"மிட்டாய்க்காரருக்கு வாக்குக் கொடுத்துட்டேன் மேடம்," என்றேன்.

அவர் ஒரு படத்தைப் பிரித்தார். என் சின்ன மகள் வயசுப் பெண். கோட்டில் ஒரு துணி நட்சத்திரம்.

"ஸ்கூல் பேட்ஜா?"

"இல்ல சார். யூதர்னு தெரியறதுக்குத் தைச்சுக்கணும்னு உத்தரவு. வீட்ல அம்மாவே தைச்சிருப்பாங்க."

நான் ஏணியை எடுத்தேன்.

கடைசியில் பேசி முடித்தது இதுதான்: பஞ்சுமிட்டாய் கேட்டுக்கு வெளியே, மணி அடிக்கக் கூடாது. மண்டப வாடகை பேசினபடியே. அவரும் குறைக்கச் சொல்லவில்லை, நானும் குறைக்கவில்லை. குறைத்திருக்கணுமா, நீங்களே சொல்லுங்க.